தொன்மை உண்மைக்கு அளவாமோ: கடல்கடந்த ஆபிரிக்கச் சமயங்களின் ஆராய்ச்சி வரலாறு

ஒரு சமயத்தைப் புறத்தே நின்று ஆராய்வான், அச்சமயத்தார் தாம் கேளாத வினா ஒன்றைக் கையிற்கொண்டு உட்புகுதல் உலகியல்பு. அவ்வினா விடை காண்டற்குக் கருவியாதலோடு அமைவதன்று. சிலபோது அச்சமயத்தாரின் வாழ்வையே மாற்றிவிடும் வலியும் உடைத்து. இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு, ஆபிரிக்காவினின்றும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் அமெரிக்க நாடுகளிலும் கரிபியத் தீவுகளிலும் வளர்த்த சமயங்களைப் பற்றி எழுந்த ஆராய்ச்சியாம். ஏறக்குறைய 130 ஆண்டுகளாக நடைபெற்றுவரும் இவ்வாராய்ச்சியின் போக்கினைச் சுருங்கக் கூறி, அதன்கண் உள்ள நன்மையும் குற்றமும் இவையென ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அச்சமயங்களின் நிலை அறியற்பாலது. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி கடந்தும் நடந்த அடிமை வாணிகத்தில், ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் மக்கள் ஆபிரிக்கக் கரையிற் கப்பலேற்றப்பட்டனர். அவருள் உயிரோடு மறுகரை சேர்ந்தோர் 1 கோடியே 7 இலட்சத்தினர் என மதிப்பிடுவர். அவருள் 48 இலட்சத்தினர் வரையில் பிரேசில் ஒன்றிற்கே சென்றனர். யோருபா மக்களும், தகோமே நாட்டு ஃபோன் மக்களும், கொங்கோ, அங்கோலா நாட்டினரும் ஒரே தோட்டத்தில் ஒருங்கு தள்ளப்பட்டனர். அவர் வழித்தோன்றிய சமயங்களுள் பிரேசிலின் காந்தோம்பிளே, கியூபாவின் சாந்தேரியா, ஹைத்தியின் வூடூ என்பன பெயர்பெற்றன. முழுமுதற் கடவுள் ஒருவரும் அவர்க்குக் கீழ்ப்பட்ட தெய்வங்கள் பலரும் உளர் எனக் கோடல், தீக்கை பெற்றார்மேல் அத்தெய்வங்கள் முழவொலியிடையே இறங்குதல், இலையும் வேரும் கொண்டு செய்யும் மருத்துவம், குறி கேட்டல் ஆகியன இவற்றிற்குப் பெரும்பாலும் பொதுவாவன. கத்தோலிக்கத் திருத்தொண்டரின் பெயர்களும் படிமங்களும் இவற்றோடு இயைந்து நின்றன.

இனி, ஆராய்ச்சி தொடங்கியவாறு காண்பாம். இத்துறையில் முன்வைத்து எண்ணப்படுவார், பிரேசிலின் பாயியா மாகாணத்துச் சால்வதோர் நகரில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராய் விளங்கிய ரைமுந்தோ நீனா ரோத்ரிகேஸ் (1862–1906) என்பார். குற்ற வழக்குகளில் முறைமன்றங்களுக்குத் துணையாகும் மருத்துவமே அவர் கற்பித்த துறை. மக்களினங்கள் அறிவிற் சமமல்ல, ஆகலின் ஒரே தண்டச் சட்டம் அனைவர்க்கும் பொருந்தாது என்பது அவர் 1894-இல் வெளியிட்ட நூலின் கோட்பாடு. அக்கோட்பாட்டினைச் சுமந்துகொண்டே அவர் காந்தோம்பிளே வழிபாட்டு மனைகளுட் புகுந்தார். 1896-ஆம் ஆண்டு முதல் இதழில் வெளிவந்து, 1900-இல் பிரெஞ்சு மொழியில் நூலுருப் பெற்ற அவரது ஆராய்ச்சி, தெய்வம் இறங்குதலை நரம்பு நோயின் ஒருவகை எனக் கூறிற்று.

ஆயினும் அவரை முற்ற இகழ்தல் நேர்மையன்று. அவர் வழிபாட்டு மனைகளுக்குத் தாமே சென்றார். சடங்குகளை நேரிற் கண்டு எழுதினார். அம்மனைகளிற் காவலர் புகுந்து செய்த கொடுமைகளைக் கண்டித்தார். காந்துவா என்னும் மனையினர் அவர்க்கு ஓகான் என்னும் காப்பாளர் சிறப்பினையும் அளித்தனர். நம் அளவை நூலார் மொழியிற் கூறுவதாயின், அவர்பாற் காட்சியளவை செம்மையாய் நின்றது. கருதலளவை முன்னரே கொண்ட சார்பினாற் பழுதுற்றது. அச்சமயத்தாரின் உரையோ அளவையாகவே கொள்ளப்பட்டிலது. இம்மூன்றாவது குறை, அவர்க்குப் பின் வந்தாரையும் நெடுங்காலம் தொடர்ந்தது.

கியூபாவில் பெர்னாந்தோ ஒர்த்திஸ் (1881–1969) தொடங்கிய நெறியும் இதனை ஒத்ததே. சட்டம் பயின்ற அவர் 1906-இல் வெளியிட்ட முதல் நூல், ஆபிரிக்க வழிபாட்டினரைக் குற்ற மாக்களின் வரிசையில் வைத்து ஆராய்ந்தது. குற்றவியல் ஆசிரியராகிய இத்தாலிய நாட்டு லொம்பிரோசோவின் முகவுரையும் அந்நூற்கு அமைந்திருந்தது. ஆனால் ஒர்த்திஸ் தம் கோட்பாட்டினைத் தாமே கடந்து சென்ற பெருமையுடையார். முழவும் இசையும் மொழியும் பற்றிப் பல்லாண்டு பயின்றபின், 1940-இல் எழுதிய நூலில், இரு பண்பாடுகள் சந்திக்குங்கால் ஒன்று மற்றொன்றினுள் மறைந்தொழிவதில்லை என்றும், இரண்டும் மாறிப் புதியதொன்று பிறக்கும் என்றும் நிறுவினார். அதற்கென அவர் ஆக்கிய புதுச்சொல் உலகெங்கும் அறிஞரால் வழங்கப்படலாயிற்று.

ஹைத்தியில் எழுந்த குரல் வேறொரு திறத்தது. அந்நாடு 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அக்காலத்தே, 1928-இல், ஹைத்தியராகிய மருத்துவர் ழான் பிரைசு மார்ஸ் தம் நாட்டுக் கற்றோரை நோக்கி ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சு நாகரிகத்தைப் போற்றித் தம் ஊர் உழவரின் வூடூவை நாணிய அக்கற்றோர்க்கு, வூடூவும் சமயமே, அதற்கும் தெய்வமும் பூசகரும் ஒழுக்கமும் உண்டு என அவர் எடுத்துக்காட்டினார். அந்நூல் வெளிவந்த பின்னரும், 1941-ஆம் ஆண்டினை ஒட்டித் திருச்சபையார் அரசின் துணையோடு வூடூ மனைகளை அழித்தனர் என்பது நினைவுகூரற்பாலது. அவ்வழிவின் நடுவே அவருடைய நூல் தன் நாட்டாரிடையே வேரூன்றி நின்றது.

இங்ஙனம் இழிவுரை நீங்கத் தொடங்கிய பின்னர், ஆராய்ச்சியிற் புதியதொரு வினா தலையெடுத்தது. இச்சமயங்களில் எவ்வளவு ஆபிரிக்காவினின்றும் வந்தது என்பதே அது. அமெரிக்க அறிஞர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் (1895–1963) சுரினாமிலும், தகோமேயிலும், ஹைத்தியிலும், திரினிடாடிலும், பிரேசிலிலும் தாமே சென்று ஆராய்ந்தவர். கறுப்பு மக்களுக்குப் பழமை இல்லை என்னும் கூற்று வெறுங்கட்டுக்கதை என்பதே 1941-இல் அவர் வெளியிட்ட நூலின் துணிபு. இதனை மறுத்து நின்றவர், கறுப்பு மக்களுள் ஒருவரும் பெருஞ் சமூகவியல் அறிஞருமாகிய பிராங்கிளின் பிரேசியர் (1894–1962). அடிமை வாழ்வு பழைய மரபுகளைச் சிதைத்துவிட்டது, இன்று காண்பன இந்நாட்டு வாழ்க்கை நிலைகளால் விளைந்தன என்பது அவர் கொள்கை.

இருவரும் நல்ல நோக்கமே உடையர். பழமை மறுக்கப்படுமாயின் அம்மக்கள் இழிவாக எண்ணப்படுவர் என ஹெர்ஸ்கோவிட்ஸ் அஞ்சினார். அவரை வேற்று நாட்டுப் பண்பினர் என்றால், குடியுரிமை மறுப்பார்க்கு அது படைக்கலமாகும் எனப் பிரேசியர் அஞ்சினார். வியப்பென்னை எனின், பிரேசியர் 1940-இலும் ஹெர்ஸ்கோவிட்ஸ் அதனை அடுத்தும் பாயியாவிற்குச் சென்று, காந்துவா மனையைச் சூழ்ந்த குடும்பங்களையே ஆராய்ந்து, 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஒரே இதழில் மாறுபட்ட முடிவுகளை வெளியிட்டனர். கண்ட மக்கள் ஒருவரே. கொண்ட முடிவுகள் இரண்டு. ‘எங்கிருந்து வந்தது’ என்னும் வினாவினை இருவரும் ஒப்பவே கேட்டனர். ‘வழிபடுவோன் இதனால் யாது பெறுகின்றான்’ என்பது அவ்வழக்கில் முன்வைக்கப்படவில்லை.

இவ்விடத்தே தான் ஆராய்ச்சியின் குற்றம் புறத்தே பரந்து தீங்காயிற்று. தோற்றுவாயை நாடுவோர், யோருபா வழியினதாகிய நாகோ மனைகளே தூயன எனவும், அங்கோலா, கொங்கோ வழியினவும் பிரேசில் மண்ணின் பழங்குடி ஆவிகளை வழிபடுவனவும் கலப்புற்றன எனவும் வகுத்தனர். நாகோவிற்கு மேன்மை கூறும் வழக்கு நீனா ரோத்ரிகேஸிடத்தே தோன்றியது. சமயவுரிமைக்காக உழைத்த பாயியா அறிஞர் எடிசன் கர்னேய்ரோவே 1937-இல் அங்கோலா வழியினரைப் பற்றி எழுதியபோது அவர்தம் தெய்வக் கதைகள் வறியன என்றார். பிரெஞ்சு அறிஞர் ரோழே பஸ்தீது 1960-இல் வெளியிட்ட பெருநூலிலும் இம்மேடு பள்ளம் நீங்கிற்றில்லை.

இஃது ஏட்டளவில் நின்ற வேறுபாடாயின் யாம் இத்துணை விரித்துரையோம். பிரேசிலின் 1890-ஆம் ஆண்டுத் தண்டச் சட்டம் மந்திரத்தையும் சூனியத்தையும் குற்றமாக்கியது. ஆகவே ஒரு மனை சமயமோ சூனியமோ என்னும் வினா, காவலரின் தடிக்கு முன் நிற்போர்க்கு உயிர்வினாவாயிற்று. தூயது சமயம், கலப்புற்றது சூனியம் என்னும் பாகுபாட்டிற்கு அறிஞர் சொல் துணைநின்றது. ரியோ நகரத்துக் காவலர் கைப்பற்றிய வழிபாட்டுப் பொருள்கள் கருஞ்சூனியத் தொகுதி என்னும் பெயராலேயே 1938-இல் அரசின் பண்பாட்டுச் செல்வமாகப் பதியப்பட்டன. அவை காவற்றுறையின் கையினின்றும் நீங்கிக் குடியரசு அருங்காட்சியகம் சேர்ந்தது 2020-இல் தான். பாயியாவிற் காந்தோம்பிளே மனைகள் விழாவெடுக்கக் காவலரிடம் பதிந்து இசைவு பெறவேண்டும் என்னும் விதி 1976 வரை நின்றது. வழிபாட்டு மனை ஒன்றினை அரசு முதன்முதல் நாட்டின் செல்வமெனக் காக்க முடிவு செய்தது 1984-இல். பெற்றது நாகோ வழியினதாகிய எங்கேன்யோ வெல்யோ மனை. அங்கோலா வழியினதாகிய பாத்தே போல்யா மனை அச்சிறப்பெய்தியது இந்நூற்றாண்டு பிறந்த பின்னரே.

இத்தூய்மை வாதத்தின் வேரினை அறுத்த நூல், பெயாத்திரிஸ் கோயிஸ் தாந்தாஸ் என்னும் பிரேசில் நாட்டு அம்மையார் 1988-இல் வெளியிட்டது. செர்ஜிப்பே மாகாணத்து லராஞ்செய்ராஸ் என்னும் சிற்றூரில் தம்மைத் தூய நாகோ எனக் கூறிக்கொண்ட ஒரு மனையினரை அவர் ஆராய்ந்தார். தலை மழித்து, தனியிடத்து இருத்திச் செய்யும் தீக்கையினைப் பாயியாவினர் தூய்மையின் அடையாளமாகக் கொண்டனர். இவ்வூரினரோ அதனையே கலப்பின் அடையாளமாகக் கருதினர். தூய்மை என்பது பொருளின்கண் உள்ளதன்று, ஒருவர் தம்மைப் பிறரினும் உயர்த்துதற்கு வழங்கும் சொல்லே என்பதும், பாயியாவின் வழக்கினை எல்லார்க்கும் அளவாக்கியதில் அறிஞர்க்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் அவர் கண்ட முடிபு.

இம்முடிபினை யாம் மதிக்கின்றோம். ஆயினும் முற்றும் உடன்படோம். தூய்மையை அறிஞரே ஆக்கித் தந்தனர் எனின், வழிபடுவோர் குயவன் கையிலுள்ள களிமண் போல வாளா இருந்தனர் என்பது பெறப்படும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. சான்று, மர்த்தினியானோ எலிசேயு தோ பொன்பீம் (1859–1943) என்பார் வரலாறு. சால்வதோரில், விடுதலை பெற்ற பெற்றோர்க்குப் பிறந்த அவர், இளமையில் ஆபிரிக்காவின் லாகோஸ் நகர்க்கு அனுப்பப்பட்டு, ஆண்டுப் பல ஆண்டுகள் வாழ்ந்து, யோருபா மொழியும் ஆங்கிலமும் இஃபா என்னும் குறிநூலும் கற்றுத் திரும்பினார். நீனா ரோத்ரிகேஸுக்கு யோருபா வழக்குகளை விளக்கியவர் அவரே. 1937-இல் கர்னேய்ரோ கூட்டிய ஆபிரிக்க பிரேசிலிய ஆராய்ச்சி மாநாட்டிற்கு மதிப்புறு தலைவராக அமர்ந்தவரும் அவரே. அன்னை அனின்யா 1910-இல் நிறுவிய ஒப்போ அபொன்ஜா மனையில், ஷங்கோ தெய்வத்தின் பன்னிரு அமைச்சர் என்னும் அமைப்பு ஏற்படவும் அவர் துணைநின்றார். நூல்களிற் செய்தி தந்தோன் என ஒதுங்கி நின்ற இவர், உண்மையில் ஆராய்ச்சியாளர்க்கு ஆசிரியராவர்.

இவ்வுண்மையை விரித்து நிறுவியது லொரண்டு மட்டோரி 2005-இல் வெளியிட்ட நூல். யோருபா என்னும் ஒருமை உணர்வே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லாகோஸ் நகரத்துக் கற்றோரும், பிரேசிலினின்று திரும்பினோரும், கடல்வழிச் சென்று மீண்ட வணிகரும் பூசகரும் கூடி உருவாக்கியது என அவர் காட்டினார். அங்ஙனமாயின் ஆபிரிக்கா அசையாது நின்ற வேரும், அமெரிக்கா அதன் உதிர்ந்த இலையும் அல்ல. இரண்டும் ஒரே காலத்தே தம்முள் உரையாடி வளர்ந்தன. ஹெர்ஸ்கோவிட்ஸும் பிரேசியரும் இட்ட வழக்கு இதனால் தீர்ந்தது எனலாம். அவர் இருவரும் ஒப்புக்கொண்ட அடிப்படையே தவறென விளங்கினமையான்.

நூல்கள் மீண்டும் வழிபாட்டினுட் புகுந்தமையும் கருதற்பாலது. ஒர்த்திஸின் மைத்துனியாகிய லிதியா கப்ரேரா அம்மையார் 1954-இல் வெளியிட்ட ‘மலைக்காடு’ எனப் பொருள்படும் பெயருடைய நூல், கியூபாவின் மூலிகைகளையும் தெய்வங்களையும் பற்றி முதியோர் கூறியவற்றைப் பெரும்பாலும் அவர் மொழியிலேயே தந்தது. அறிஞர்க்கென எழுந்த அந்நூலைப் பூசகரும் கையேடாகக் கொண்டனர். இதனை எண்ணியே இஸ்டெபான் பல்மியே 2013-இல் எழுதிய நூலில், ஆபிரிக்க கியூபச் சமயம் என நாம் வழங்குவது ஆராய்ச்சியாளரும் வழிபடுவோரும் ஒருங்கிருந்து சமைத்ததாம் என வாதித்தார். அவ்வாதம் கூரியது. ஆயினும் சமைத்தது என்பதனாலே பொய் என்பது பெறப்படாது. உணவு சமைக்கப்பட்டதே எனினும் பசி தீர்ப்பதன்றோ!

இனி, உள்நின்று எழுதுவோர் வந்தமை இத்துறையின் இறுதிப் படியாம். பிரெஞ்சு நாட்டவராகிய பியேர் வெர்ழே 1946-இல் பாயியா சேர்ந்து, பின்னர் ஆபிரிக்காவில் இஃபா நெறியிற் புகுந்து பாத்தும்பி எனப் பெயர் பெற்றார். யோருபா அறிஞர் வாந்தே அபிம்போலா, இஃபா மறைமொழிகளைப் பற்றி 1976-இல் நூல் வெளியிட்டார். அவர் பேராசிரியரும் குறிநூற் பூசகரும் ஆவர். ஒப்போ அபொன்ஜா மனையின் தலைவியாகிய அன்னை இஸ்டெல்லா (1925–2018) 1983-இல் வேறு தலைவியரோடு கூடி, காந்தோம்பிளே தனிச்சமயம், கத்தோலிக்கப் போர்வை இனி வேண்டா என அறிக்கை விடுத்தார். நூல்களும் எழுதிய அவரைப் பாயியாவின் இலக்கியக் கழகம் 2013-இல் உறுப்பினராகத் தேர்ந்தது.

அவ்வறிக்கையை, அறிஞர் தூய்மை வாதத்தின் எதிரொலியே எனக் கூறுவாரும் உளர். எமக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. தன் மனையில் எது நிற்றல் வேண்டும், எது நீங்குதல் வேண்டும் எனத் துணிதல், அம்மனையில் தீக்கை பெற்று நின்றார்க்கு உரிய அதிகாரம். புறத்தார் அதனைப் பிறர் மனைமேல் அளவுகோலாக வைத்தலே குற்றம். ஒரே சொல் உள்நின்றார் வாயில் துணிபாகவும் புறநின்றார் வாயில் தீர்ப்பாகவும் அமைதலைப் பகுத்துணராமையே இந்நூற்று முப்பதாண்டு ஆராய்ச்சியிற் பெருங்குழப்பம் விளைத்தது. உள்நின்று எழுதுவோர்க்கும் ஓர் இடருண்டு. தம் மனையின் வழக்கினையே சமயம் முழுமைக்கும் வழக்காக எழுதிவிடுதல் அது. ஆகலின் உள்நிற்றல் மாத்திரையே செம்மைக்குப் போதியதன்று. பிறர் மனையின் உரையினையும் உரையாகவே கேட்டல் வேண்டும்.

நம் நூலோர் இருவகையில் இதற்கு வழி காட்டியுள்ளனர். பிறர் கொள்கையை அவர் உடன்படுமாறு முதலிற் கூறிப் பின்னரே ஆராய்தல் சித்தியாரின் பரபக்கம் நமக்குக் கற்பித்த ஒழுங்கு. பழமை பற்றி ஒன்றனை உயர்த்தலும் புதுமை பற்றி ஒன்றனைத் தாழ்த்தலும் அறிவுடையார் செயலல்ல என்பது உமாபதி சிவனார் சிவப்பிரகாசத்து அவையடக்கத்துள் வைத்த நெறி. நூலின் காலம் கணிக்கும் ஆராய்ச்சி நம்மிடையும் பெருகியுள்ளது. காலம் கணித்தல் வேண்டுவதே. ஆனால் கணித்த காலத்தினையே நூலின் மதிப்பாகக் கோடல், பாயியாவில் நாகோவை உயர்த்தி அங்கோலாவைத் தாழ்த்தினார் செய்த பிழையினையே செய்வதாகும்.

ஆகவே, இவ்வாராய்ச்சி வரலாற்றினால் யாம் கொள்ளற்பாலது இது. ஒரு சமயம் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றின் வினா. அது மெய்யோ அன்றோ என்பது அச்சமயத்தில் நிற்போரின் வாழ்விலும் உரையிலும் வைத்துக் காணும் வினா. முன்னதன் விடையினைப் பின்னதன் விடையாக வழங்கிய இடந்தோறும் தீங்கு விளைந்தது. காவலர் பேழையில் முழவுகள் பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தன. இரண்டினையும் வேறுபடுத்தி நிறுத்தியவிடத்து, மர்த்தினியானோ போன்றார் தம் உரிய பெயரோடு ஆசிரியராகத் தோன்றினர். சமய ஆராய்ச்சியில் ஈடுபடும் அன்பர்கள் இவ்வேறுபாட்டினை உளங்கொள்வாராக.